கிள்ளான்ல போட்ட கட்டைவிரல் ஓட்டை

டிசம்பர்ல மூணு வாரம் ஊருக்குப் போயிருந்தேன், எங்க ஊரு மலேசியாவுல இருக்குற கிள்ளான். ஊருக்குப் போயிட்டு வர்றவங்க பல்லு கட்டுனது, கண்ணாடி மாத்துனது, பாஸ்போர்ட் புதுப்பிச்சதுன்னு எழுதுவாங்க, நானும் அதெல்லாம் செஞ்சேன், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா இந்தத் தடவை என் மனசுல இருந்த வேலை ஒன்னுதான், புது பௌலிங் பந்து வாங்கி (கிரிக்கெட் இல்ல, லேன்ல உருட்டி பின்னைச் சாய்க்கிற ஆட்டம்) அதுல விரல் விட்டுப் புடிக்கிற கட்டைவிரல் ஓட்டைய சரியா போட்டுக்கிட்டு வரணும்.

ஏன் கனடாவுலேர்ந்து வந்து இங்க போடணும்னு அக்காவே கேட்டுச்சு. நான் அங்க கால்கரிக்குப் போயி எட்டு வருசம் ஆச்சு. கனடாவுல ஃபைவ் பின்னுன்னு ஒரு ஆட்டம் இருக்கு, 1909ல டொரான்டோவுல டாமஸ் ரயான்ங்கிறவரு கண்டுபுடிச்சது, அந்தப் பந்து உள்ளங்கையில அடங்குற சைசு, அதுல ஓட்டையே கிடையாது. நம்ம ஆடுற பத்து பின் ஆட்டத்துக்கு ட்ரில் போட, அதாவது பந்துல ஓட்டை குடைய, அங்கேயும் ஆளுங்க இருக்காங்கதான், ஆனா எனக்குக் கைராசியான ஆளு இன்னும் அமையல, தேதி வாங்கவே வாரக்கணக்கா ஆகுது. கிள்ளான்ல அப்படி இல்ல. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுல பௌலிங்கும் சேர்த்திருந்தாங்களே, கென்னி ஆங் தங்கம் வாங்குனாரே, அதுக்கப்புறம் எங்க பக்கம் பிள்ளைங்க எல்லாம் மாலுக்குப் போனா நேரா பௌலிங்தான், நானும் அக்காவும் அப்படி ஆரம்பிச்சவங்கதான், அக்கா இன்னும் ஆபீஸ் லீக்ல ஆடுது.

வந்து இறங்குன மறுநாளே ஒரு கடைக்குப் போனேன், பேரு வேணாம். 14 பவுண்டு பந்து ஒன்னு புடிச்சிருந்துச்சு, வாங்கிட்டேன். கடையில இருந்த தம்பி பழைய பந்தைக் கொண்டு வந்திருக்கீங்களா அண்ணேன்னு கேட்டான், கொடுத்தேன், அதுல இருக்குற அளவை எடுத்து அப்படியே புதுசுல போட்டுட்டான், என் கையைத் தொட்டுக்கூடப் பாக்கல. முக்கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சுது, எனக்கும் அப்போ சந்தோசமாதான் இருந்துச்சு, பழைய பந்து கையில நல்லா உக்காந்த பந்துதானே, அதே அளவுன்னா என்ன தப்பு வரப்போகுதுன்னு நெனச்சேன்.

அன்னிக்கு ராத்திரி அக்காவோட போயி போட்டா மூணாவது பந்துலயே கட்டைவிரல் மாட்டிக்குச்சு. விரல் வெளிய வராம பந்து என்னையும் சேர்த்து இழுத்துக்கிட்டு போச்சு, தாண்டக்கூடாத கோட்டை, ஃபௌல் லைனைத் தாண்டி ஒரு அடி வச்சுட்டேன், தோள்பட்டையில சுருக்குன்னு ஒரு வலி. பவுடர் போட்டுப் பாத்தேன், துணியால துடைச்சுப் பாத்தேன், ஓட்டைக்குள்ள ஒட்டியிருந்த டேப்பையும் உரிச்சுப் பாத்தேன், ரெண்டு கேம் முடியுறதுக்குள்ள கட்டைவிரல் கணுப் பக்கம் தோலு உரிஞ்சு ரத்தம் வந்துருச்சு. மறுநாள் அந்தக் கடைக்கே திரும்பப் போனா, அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு, கொஞ்ச நாள் ஆடுனா பழகிரும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஓட்டைக்கு விரல் பழகாது, விரலுக்குத்தான் ஓட்டை பழகணும், இதைக் காசு வாங்கி ட்ரில் போடுறவங்க தெரிஞ்சு வச்சிருக்கணும்.

அக்கா லீக்ல ஆடுறவங்க ஒருத்தர் சொல்லித்தான் ஒரு சீன அங்கிள்கிட்ட போனோம். கடைன்னு சொல்ல முடியாது, பௌலிங் சென்டரு பின்னாடி ஒரு சின்ன அறை, ஒரு ட்ரில் மிசினு, ஒரு ஃபேனு, சுவத்துல பூரா பந்து. வயசு எழுபது இருக்கும். நாங்க போனது மத்தியானம், வாழை எலை சாப்பாடு முடிச்ச கையோட வெயில்ல நடந்து போயிருந்தோம். அவரு என் விரலை ஒரு தடவை அமுக்கிப் பாத்துட்டு, இப்போ அளவு எடுக்க மாட்டேன், நீ எந்த நேரத்துல ஆடுவியோ அந்த நேரத்துக்கு நாளைக்கு வான்னு மலாய்ல சொல்லி அனுப்பிட்டாரு. எனக்கு உண்மையிலேயே அவரு மேல நம்பிக்கை வந்தது அந்த இடத்துலதான்.

மறுநாள் சாயங்காலம் போனா உடனே அளவு எடுக்கல, சென்டரு பந்து ஒன்னை எடுத்துக் கொடுத்து பத்து பந்து போட்டுட்டு வரச் சொன்னாரு, பின்னாடியே நின்னு பாத்தாரு. அஞ்சாவது பந்துல "ஜாங்ஙான் பெகாங் குவாட் குவாட்"னு சத்தம் போட்டாரு, இறுக்கிப் புடிக்காதன்னு. அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போயி என் கையை லைட்டுக்குக் கீழ வச்சு, நீலப் பேனாவால தோலு காய்ச்சுப் போன இடத்தையெல்லாம் வட்டம் போட்டாரு. விரலோட அடிப்பக்கம் காய்ச்சிருந்தா ஸ்பான் நீளம், அதாவது கட்டைவிரல் ஓட்டைக்கும் மத்த ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல இருக்குற தூரம் அதிகம்னு அர்த்தம். கணு மேல காய்ச்சிருந்தா ஓட்டை லூசா இருந்து பந்து விழுந்துரும்னு பயத்துல விரலை மடக்கிப் புடிச்சு ஆடிருக்கோம்னு அர்த்தம். என் விரல்ல ரெண்டாவது வகைக் காய்ப்பு பழசா இருந்துச்சு, அதுக்கு மேலதான் புதுசா தோலு உரிஞ்ச புண்ணு. ஒரே இடத்துல லூசுக்கும் டைட்டுக்கும் அடையாளம் இருக்கேன்னு அவருக்கே யோசனையாயிருச்சு.

அப்போதான் என் கல்யாண மோதிரத்தைப் பாத்துட்டு அதைக் கழட்டச் சொன்னாரு. கழட்ட முடியல. கால்கரியில ஜனவரி மாசம் கையை உதறுனா கழண்டு விழுற மோதிரம் அது, இங்க வந்தா சோப்பு போட்டாத்தான் வரும். அவரு சிரிச்சுட்டாரு. பழைய பந்து ஓட்டையை கேஜ் வச்சு அளந்தாரு, 60. அளவு பாக்குறதுக்குன்னே பல சைசு ஓட்டை போட்டு வச்சிருக்குற ஃபிட்டிங் பந்துல ஒன்னொன்னா என் விரலை விட்டுப் பாத்தாரு, உரசிக்கிட்டு உள்ள போயி, புடிக்காமலே வெளிய வந்தது 62. இந்த அளவெல்லாம் இன்ச்சை 64 பங்கா போட்டு அதுல எத்தனை பங்குங்கிற கணக்கு, அப்போ 2 பங்குன்னா ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. அந்த வித்தியாசத்துலதான் என் தோலு உரிஞ்சிருக்கு. அங்க குளிருலயும் காஞ்ச காத்துலயும் சுருங்கிப் போன விரலுக்குப் போட்ட அளவை, இங்க சூட்டுலயும் உப்புச் சாப்பாட்டுலயும் ஊதிப்போன விரலுக்கு அந்தத் தம்பி எடுத்துப் போட்டுட்டான். பந்துலயும் குறை இல்ல, அளந்ததுலயும் குறை இல்ல, கையைப் பாக்காம விட்டதுதான் குறை.

சரி, 62 போட்டு இங்க ஆடிட்டு அங்க போனா திரும்ப லூசாயிரும், திரும்ப மடக்கிப் புடிப்பேன். அதுக்கு அங்கிள் சொன்ன வழி, ஸ்லக்கை, அதாவது பந்துக்குள்ள வச்சு அதுல கட்டைவிரல் ஓட்டை போடுற உருளைத் துண்டை, மாத்தி மாத்திப் போடுற மாதிரி வச்சுக்கிறது. முன்னாடி பந்துல ஒட்டியிருந்த ஸ்லக்கைக் குடைஞ்சு எடுத்துட்டு, அந்த எடத்துல ஒரு கூடு ஒட்டுனாரு, அதுக்குள்ள ஸ்லக்கை வச்சுத் திருகுனா பூட்டிக்கும், எதிர்ப்பக்கம் திருகுனா கையோட வந்துரும். ரெண்டு ஸ்லக்கு போட்டாரு, ஒன்னு 60, ஒன்னு 62. நம்ம கட்டைவிரல் வட்டம் கிடையாது, ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் கம்மி, அதனால ரெண்டையும் வட்டமா விடாம நீள்வட்டமா குடைஞ்சாரு. பிட்ச்சையும், அதாவது ஓட்டையோட சாய்வையும், கொஞ்சம் மாத்துனாரு, ஓட்டை உள்ளங்கைப் பக்கம் சாஞ்சிருந்தா விரல் பந்தை அதிக நேரம் புடிச்சு வச்சிருக்கும், வெளிப்பக்கம் சாஞ்சிருந்தா சீக்கிரம் விட்டுரும், எனக்குப் புடிச்சு வைக்கிற பழக்கம் இருக்குறதால ஒரு பொடி வெளிப்பக்கம் சாச்சாரு. கடைசியா ஓட்டை விளிம்பை ஒரு குச்சியில மணல்தாள் சுத்தித் தேச்சாரு, தேய்க்கிறது, என் விரலை விட்டு எடுக்கச் சொல்றது, திரும்பத் தேய்க்கிறது, இப்படியே பதினஞ்சு இருபது தடவை, அவரு ஒரு தடவைகூட கடிகாரத்தைப் பாக்கல.

மொத்தம் ரெண்டரை மணி நேரம், கூடு ஒட்டுனது காயணும்னு ஒரு ராத்திரி வச்சிருந்து மறுநாள் கொடுத்தாரு. ரெண்டு ஸ்லக்கும் சேர்த்து 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்குனாரு, முதல் கடையில ட்ரில்லுக்குக் கொடுத்ததை விட அதிகம்தான், ஆனா நான் மனசார கொடுத்தேன். கூடவே டேப்பு எப்படி ஒட்டணும்னு சொல்லிக் கொடுத்தாரு, வழுவழுன்னு இருக்குறது நகத்துப் பக்கம், ஓட்டையைச் சுருக்க. சொரசொரப்பா இருக்குறது சதைப் பக்கம், பிடிப்புக்கு. ஒரே நாள்ல ரெண்டு மூணு கேமுக்குள்ளயே விரல் சைசு மாறும், அப்போ டேப்பைக் கூட்டணும் கொறைக்கணும், பந்தைக் குத்தம் சொல்லக்கூடாதுன்னாரு.

ஊருக்குப் போறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், நீங்களும் குளிர் நாட்டுல இருந்து போயி ஊருல பந்து ட்ரில் போடுறதா இருந்தா இறங்குன மறுநாளே போயிராதீங்க, நாலஞ்சு நாள் உடம்பு ஊரு சூட்டுக்குப் பழகட்டும். பழைய பந்தைக் கொண்டு போங்க, ஆனா எந்த ஊருல எந்த மாசத்துல அதுல ஆடுனீங்கன்னு சொல்லிக் கொடுங்க. கையைத் தொடாம மிசினை ஆன் பண்றவங்ககிட்ட பந்தைக் கொடுக்காதீங்க.

கால்கரிக்குத் திரும்புன வாரம் மைனஸ் 22. மோதிரம் திரும்ப சுத்த ஆரம்பிச்சுருச்சு. லீக் ராத்திரி 60 ஸ்லக்கை மாட்டி ஒரு டேப் ஒட்டிப் போட்டேன், முதல் பந்து விரலை விட்டுப் போனதே தெரியல, கை மேல வந்து நின்னப்போதான் பந்து லேன்ல ஓடிக்கிட்டு இருக்குறதைப் பாத்தேன். அங்கிளுக்கு அக்கா மூலமா வாய்ஸ் மெசேஜ் போட்டேன், வெயில் காலம் வந்தா அந்த டேப்பை மட்டும் எடுத்துரு, போதும்னு பதில் வந்துச்சு. 62 ஸ்லக்கு கிள்ளான்ல அக்கா வீட்டு அலமாரியில ஒரு மைலோ டப்பாக்குள்ள இருக்கு.