இமிடேஷன்: போலியா, நகலா, கவரிங்கா?

மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் அச்சகத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார். 'இமிடேஷன் ஜுவல்லரி' என்று அவர் எழுதிக் கொடுத்ததை, எங்கள் பையன் 'போலி நகைகள்' என்று கோத்துவிட்டான். மெய்ப்பைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "தங்கம் என்று சொல்லி ஒருநாளும் நான் விற்றதில்லையே, தம்பி" என்றார். அகராதியைப் புரட்டினால் பையன் செய்தது சரிதான். ஆனாலும் நியாயம் கடைக்காரர் பக்கம் என்றே நினைக்கிறேன்.

லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இமிடேஷன். ஒன்றைப் பார்த்து அதுபோலச் செய்வது என்பதுதான் அதன் பொருள். குழந்தை அம்மாவைப் போலத் துண்டைச் சேலையாகச் சுற்றிக்கொள்வதும் இமிடேஷன்தான். பொருளின் பெயருக்கு முன்னால் வந்தால் 'அது போன்றது, அதுவே அல்ல' என்று சொல்லிவிடுகிறது. ஏமாற்றும் நோக்கம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஏமாற்றுக்கு ஆங்கிலத்தில் ஃபேக், கவுண்டர்ஃபீட் என்று வேறு சொற்கள் இருக்கின்றன.

போலியும் பிறப்பில் குற்றமற்ற சொல். 'போல' என்பதன் உறவு. இலக்கணத்தில் மயல் என்பது மையல் ஆனால் முதற்போலி; நிலம் என்பது நிலன் ஆனால் கடைப்போலி. எழுத்து மாறுகிறது, பொருள் மாறுவதில்லை, யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. பள்ளியில் இதைப் படித்த நாமே வெளியே வந்து போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டோம். இனி கடைப் பலகையில் அதைப் பழைய பொருளில் எழுத முடியாது.

நகல் இங்கே உதவாது. நகல் என்றால் அசல் ஒன்று கையில் இருக்க வேண்டும். பத்திரத்துக்கு உண்டு, சங்கிலிக்கு இல்லை. செயற்கை என்பது மூலப்பொருளுக்குப் பொருந்தும்: இமிடேஷன் லெதர் என்றால் தயங்காமல் செயற்கைத் தோல் என்று எழுதுவேன். செயற்கை நகை என்றால் காதில் ஒட்டவில்லை.

கவரிங்தான் எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆங்கிலச் சொல்லை எடுத்து, ஆங்கிலேயருக்கே தெரியாத பொருளைக் கொடுத்து நம்முடையதாக்கிக்கொண்டோம். உள்ளே செம்போ பித்தளையோ, மேலே தங்க முலாம் என்ற உண்மை பெயரிலேயே இருக்கிறது. சிதம்பரம் கவரிங் என்று ஊர்ப்பெயரோடு பெருமையாகச் சொல்லியே விற்கிறார்கள். ஒரு குறை உண்டு: பரதநாட்டியத்துக்கு அணியும் சிவப்புக்கல் செட்டைக் கவரிங் என்றால் முழுதாகப் பொருந்தாது. இமிடேஷன் அதையும் சேர்த்துக்கொள்கிறது.

சொல் எங்கே மாறுகிறது என்பதைச் சுங்குடிச் சேலையில் பார்க்கலாம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது. முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி சுருங்கி நிற்கும். ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. அச்சடித்த சேலையிலோ புள்ளிகள் அளந்து வைத்தாற்போல இருக்கும், தடவினால் வழவழவென்று கை ஓடும். 'பிரிண்ட் சுங்குடி' என்று சொல்லி விற்றால் அது இமிடேஷன். கைமுடிச்சு என்று சொல்லி, அதற்கான விலையையும் வாங்கினால் அதே சேலை போலி. இரவெல்லாம் முடிச்சுப் போடுகிற பெண்ணின் கூலியில் அல்லவா அது கை வைக்கிறது! அப்போது மட்டும் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும்.

நோட்டீஸில் கடைசியில் 'கவரிங் மற்றும் நாட்டிய நகைகள்' என்று மாற்றினோம். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, ஆயிரம் அடிக்கச் சொன்னார்.