இரத்மலானை விமானப்படை நூதனசாலை: சட்டைக் கையிலிருந்து தொடங்குங்கள்

கொழும்பில் விமானம் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆறுதலாகப் பார்க்க இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வருகிறவர்களில் பலர் நேரே மிக் என்ற சோவியத் போர் விமானத்தடியில் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு தளபதி எந்தப் படிகளில் ஏறி வந்தார் என்று தெரிய வேண்டுமென்றால் முதலில் சீருடைகளிடம் போங்கள்.

சட்டைக் கையின் விளிம்பில் உள்ள பட்டிகளை எண்ணுங்கள். ஒரே அளவில் நான்கு என்றால் குரூப் கப்டன். ஒரேயொரு அகலப் பட்டி என்றால் எயார் கொமடோர். இங்கேதான் பலருக்குப் பிழைக்கிறது: நான்கு பட்டிக்காரர் மேலவர் என்று எண்ணிவிடுகிறார்கள், ஆனால் அகலப் பட்டிதான் ஒரு படி மேல். அதற்கு மேல் மெல்லிய பட்டி ஒன்று ஏறினால் எயார் வைஸ் மார்ஷல், இரண்டு ஏறினால் எயார் மார்ஷல், மூன்று என்றால் எயார் சீப் மார்ஷல்.

இந்தக் கணக்கு பிடிபட்டால் படையின் வரலாறே விளங்கும். 1951 இல் இலங்கை விமானப்படை தொடங்கியபோது தளபதியாக இருந்த பிரித்தானியர் பிளேடன் வெறும் குரூப் கப்டன். 1962 இல் வந்த ரொஹான் அமரசேகரதான் முதல் இலங்கைத் தளபதி. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்களில் வழிகாட்டியாகப் பறந்து, வீரத்துக்கான பிரித்தானிய விமானப்படைப் பதக்கமான டி.எஃப்.சி.யை இரண்டு முறை பெற்றவர். 1976 முதல் 1981 வரை தளபதி ஹரி குணதிலக்க, 2006 முதல் 2011 வரை அவர் மகன் ரொஷான் குணதிலக்க. தகப்பனும் மகனும் ஒரே பதவியில் இருந்தது எந்தப் படையிலும் அபூர்வம்.

இனி விமானங்கள். பயிற்சி விமானமான சிப்மங்கில் தொடங்கி ஜெட் புரோவோஸ்ட் என்ற பிரித்தானிய ஜெட் விமானத்துக்கு வாருங்கள். 1959 இலிருந்து பன்னிரண்டு வாங்கினார்கள். பிறகு ஓரங்கட்டித் திருகோணமலை சீனக்குடாவில் வைத்திருந்தார்கள். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி.யின் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தபோது, தளபதி பொறுப்பை ஏற்றுச் சில மாதமே ஆகியிருந்த பாடி மெண்டிஸ் அவற்றைச் சில நாட்களில் மீண்டும் பறக்கவைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நிற்கும் மிக்-17 சோவியத் நாட்டிலிருந்து அதே ஆண்டில் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தளபதி ஒருவரின் முடிவு எவ்வளவு அவசரத்தில் எடுக்கப்படுகிறது என்பது தெரியும்.

போரில் குண்டு வீசிய சிறிய விமானமான எஸ்.எஃப்.260 முன்னால் நம்மவர்கள் கொஞ்சம் நின்றுவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெயர் சியாமாசெட்டி. குண்டு போட வந்த விமானங்களைச் சகடை, பொம்பர் என்று அழைத்து, அவற்றின் சத்தத்தில் பதுங்குகுழிக்குள் ஓடியவர்களை இங்கே கூட்டிவருவதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் இரண்டு பக்கத்தையும் சொல்லிக் காட்டுங்கள். விமானத்தின் தொழில்நுட்பம் ஒரு பக்கம், அது யார் தலைக்கு மேல் பறந்தது என்பது மறுபக்கம்.

வெளியில் நிற்கும் விமானங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள், தொடாதீர்கள். கடல் அருகில் இருப்பதால் உப்புக் காற்று அலுமினியத் தகட்டை ஆணித் தலையைச் சுற்றி முதலில் அரிக்கும். வண்ணப்பூச்சு அங்கே குமிழ் குமிழாக எழும். வெயிலில் விமானி அறைக் கண்ணாடி மஞ்சளாகி மயிர்க்கீறல் விழும். நெடுநாள் ஒரே இடத்தில் நிற்கும் டயர் அடியில் தட்டையாகிவிடும். பழைய விமானத்தைக் காப்பது எவ்வளவு ஓயாத வேலை என்பதை இந்த மூன்று இடங்களும் சொல்லும்.

புறக்கோட்டையிலிருந்து 100 அல்லது 101 பஸ் எடுத்துக் காலி வீதியில் இரத்மலானையில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். கரையோர ரயிலும் உண்டு. இரத்மலானையில் நிற்கும் மெதுவண்டியா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். விமானப்படை வளாகம் என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். திறந்திருக்கும் நேரத்தை முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காலையில் போவது நல்லது, மதியம் தகடுகள் அடுப்பு போலக் கொதிக்கும். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.