மலை ஈரத்தில் 12 போர் டபுள் பேரல்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் பங்களாவில் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுப்பவர்களுக்கு 12 போர் (குழல் அளவு) டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் ஷாட்கன்தான் சரிப்பட்டு வரும். .32 ரிவால்வர் இடுப்பில் அடங்கும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ட்ரிகர் கனம், குழல் குட்டை. கை பழகாதவர் பத்து கெஜத்திலேயே தவறவிடுவார். டபுள் பேரலில் ஒரு தோட்டா பிசகினாலும் இன்னொன்று தயார். மடக்கிப் பார்த்தால் லோடா காலியா என்பது தெரிந்துவிடும்.

பழைய இங்கிலீஷ் துப்பாக்கி கைமாறி வந்தால் முதலில் குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தைப் பாருங்கள். பலவற்றில் அது 65 மி.மீ.தான், கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் 70 மி.மீ. தோட்டா. வில்லங்கம் என்னவென்றால், அது சுலபமாக உள்ளே போய்விடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் முட்டி, அழுத்தம் எகிறும்.

பலருக்கு எல்ஜி தோட்டா இருந்தால்தான் நிம்மதி. அதற்குள் இருக்கும் ரவை (குண்டு) ஒவ்வொன்றும் சுமார் 9 மி.மீ.; பலகைத் தடுப்பையும் தகரத்தையும் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போகும். தொழிலாளர் லைன் வீடுகள் ஒட்டியிருக்கும் இடத்தில் அது வேண்டாம். ரவை சிறிதான பிபி அல்லது 4ஆம் நம்பர் தோட்டா போதும். அதுவும் பலகையைத் துளைக்கும், ஆனால் வேகம் சீக்கிரம் விழும். வீட்டு அறைக்குள் சுடும் தூரத்தில் ரவை சிதறாமல் ஒரே கொத்தாகப் படுவதால் குறி வைத்தே ஆக வேண்டும். காட்டுமாடு, யானைக்கு இதில் எதுவும் ஆகாது. கதவைச் சாத்திவிட்டு வனத்துறையைக் கூப்பிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அனுமதியின்றிச் சுடுவதற்கு விலக்குத் தருவது உயிரைக் காக்க நேர்ந்தால் மட்டும். கேரட் தோட்டத்துக்காக அல்ல.

இனி ஈரம். காகித உறைத் தோட்டா மழைக்காலத்தில் உப்பி, அறையில் பாதியிலேயே நின்றுவிடும். சோதிக்க, குழலைத் தனியே கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். தானாக விழ வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். சிக்குவதையும் அடியில் பச்சை பிடித்ததையும் ஒதுக்கிவிடுங்கள். தோட்டாவில் எண்ணெய் தடவுவது தப்பு. அடியில் இருக்கும் கேப்புக்குள் (தீப்பொறி தரும் மூடி) ஊறினால் வெடிக்காது. ட்ரிகர் இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து முப்பது வினாடி கழித்தே மடக்குங்கள்.

துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊட்டிக் குளிரில் அது உறைந்து, கேப்பை அடிக்கும் ஊசியின் வேகத்தைக் கெடுக்கும். மெல்லிய கன் ஆயில்தான் சரி. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், தூக்கிக்கொண்டு போக மட்டும் அது. வீட்டில் பூட்டிய இரும்பு அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு.

தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால், குழலுக்குள் கிரீஸைக் கெட்டியாகப் பூசிக் கொடுங்கள், ரசீதில் துப்பாக்கி எண்ணைச் சரிபாருங்கள். திரும்பி வந்ததும் கிரீஸை முழுக்கத் துடைத்தெடுத்து, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகே தோட்டா போடலாம்.