டப்பா விலையா, வெடி விலையா: மஸில்லோடர் மருந்துகள் ஓர் ஒப்பீட்டு அலசல்

மஸில்லோடர் எனப்படும், குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பொழுதுபோக்காகச் சுடுகிற இரண்டு பேர் அமெரிக்காவில் இன்று சந்தித்துக்கொண்டால், குறி எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்று விசாரிப்பதற்கு முன்பே, மருந்து என்ன விலைக்குக் கிடைத்தது என்ற பேச்சு வந்துவிடுகிறது. எந்த மருந்து மலிவு என்பதே அந்தப் பேச்சின் மையம். அந்தக் கேள்வியில் ஒரு கோளாறு இருக்கிறது. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுகிறவர் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருகிறார். எத்தனை வெடிக்கு அந்த டப்பா வரும் என்பதையும், கையில் இருக்கும் துப்பாக்கி எந்த மருந்தை ஏற்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வரிசையே மாறிவிடும்.

விலை ஏறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உண்மையான கருமருந்தை அமெரிக்க மண்ணில் தயாரித்துவந்த ஒரே ஆலை, லூசியானா மாநிலத்தின் மிண்டனில் உள்ள கோயெக்ஸ். அதை நடத்திவந்த ஹாட்ஜ்டன் நிறுவனம் 2021 செப்டம்பரில் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது; 2022 ஜனவரியில் எஸ்டெஸ் எனர்ஜெட்டிக்ஸ் அதை வாங்கி, பின்னர் உற்பத்தியை மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஜெர்மனியின் ஷூட்ஸன், சுவிட்சர்லாந்தின் சுவிஸ் என்ற கருமருந்துகளை நம்பியே பலர் காலம் தள்ளினார்கள். அப்போது ஏறிய விலை, ஆலை திறந்த பிறகும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கருமருந்துக்குப் பதிலாகப் பயன்படும் மாற்று மருந்துகளின் பக்கம் போனாலோ, பைரோடெக்ஸும் டிரிபிள் செவனும் ஹாட்ஜ்டனுடையவை. பிளாக்ஹார்ன் 209 மருந்தையும் 2020இல் அதே நிறுவனம் வாங்கிக்கொண்டது. கடை அலமாரியில் மூன்று போட்டியாளர்களாக நிற்பவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை வாங்குகிறவர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். 50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) துப்பாக்கியில் ஒரு வெடிக்கு 70 கிரெயின் கருமருந்து போடுகிறவருக்கு ஒரு டப்பாவில் சரியாக 100 வெடி கிடைக்கும். விலை இடத்துக்கு இடம் மாறுவதால், வசதிக்காக ஒரு பவுண்டு கோயெக்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், வெடி ஒன்றுக்கு 30 சென்ட். இதையே அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் உண்மையான கருமருந்துக்குள்ளேயே நடக்கும் போட்டி. கோயெக்ஸும் ஷூட்ஸனும் நடையில் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. எது கையில் கிடைக்கிறதோ, எது விலை குறைவோ, அதை வாங்கலாம் என்பதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. சுவிஸின் கதை வேறு. மணிகள் அடர்த்தியாக, மெருகேறியவையாக இருக்கும். அளவுக்கு அளவு வேகமும் கூடுதல். என் துப்பாக்கியில் கோயெக்ஸ் 70 கிரெயின் கொடுத்த அதே குறியைச் சுவிஸ் 60 கிரெயினிலேயே கொடுத்துவிடுகிறது. அப்படியானால் ஒரு பவுண்டில் 116 வெடி. டப்பா 35 டாலர் ஆனாலும் வெடி விலை அதே 30 சென்ட்தான். போதாக்குறைக்குக் குழலில் அது விட்டுச்செல்லும் கசடு ஈரமாகவும் மென்மையாகவும் இருப்பதால், இரண்டு மூன்று வெடிக்கு ஒருமுறை துடைத்தாலே போதுமானதாக இருக்கிறது. "சுவிஸ் பணக்காரர்களின் மருந்து" என்று முகம் சுளிக்கிறவர்களில் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை என்பது என் எண்ணம். அதே சமயம், சுவிஸை வாங்கிவிட்டுப் பழைய 70 கிரெயினையே போட்டுக்கொண்டிருப்பவருக்கு அது உண்மையாகவே விலை கூடிய மருந்துதான்.

அடுத்து பைரோடெக்ஸ். 1970களின் நடுவில் டான் பாலக் உருவாக்கிய இந்த மருந்தைக் கருமருந்தின் எடைக்கு எடையாக அல்ல, கொள்ளளவுக்குக் கொள்ளளவாகவே அளக்க வேண்டும். இது பொரி போன்ற கனமற்ற மருந்து. அளவுக் குழாயில் 70 என்ற கோடு வரை நிரப்பினால் அதன் எடை ஏறத்தாழ 50 கிரெயின்தான் இருக்கும். ஆகவே ஒரு பவுண்டு டப்பா சுமார் 140 வெடிக்கு வரும். கோயெக்ஸை விடப் பத்து டாலர் கூடுதலாக, 40 டாலர் கொடுத்து வாங்கினால்கூட வெடி விலை 29 சென்டை எட்டாது. டப்பா விலையை மட்டும் பார்த்து இதை ஒதுக்கியவர் ஏமாந்தது இங்கேதான்.

ஆனால் பைரோடெக்ஸில் பெர்குளோரேட் உப்பு இருப்பதால் அதன் எச்சம் இரும்பை அரிப்பதில் கருமருந்தை மிஞ்சக்கூடியது. மாற்று மருந்தால் துரு வராது என்ற எண்ணம் இன்னமும் உலவிக்கொண்டிருக்கிறது. மாற்று மருந்து ஒன்றைச் சுட்ட ஒரு மழைக்கால மாலையில், காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்த என் சோம்பலுக்குக் கிடைத்த பரிசு, குழலின் பின்பகுதியில் விரல் நகத்தளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்த துரு. வெள்ளைத் துணியைக் கோலில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தபோது அது மிளகாய்ப்பொடியில் தோய்த்ததுபோல் வெளியே வந்தது. அந்தக் குழலை மாற்ற ஆகும் செலவில் எத்தனை டப்பா மருந்து வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போடவே எனக்கு மனம் வரவில்லை.

டிரிபிள் செவனில் கந்தகம் கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் இல்லை, வெறும் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். கொள்ளளவுக்குக் கொள்ளளவு கருமருந்தை விட வேகம் கூடியது என்பதால், அதே வேகம் வேண்டுமானால் அளவை 15 சதவீதம் குறைக்கும்படி தயாரிப்பாளரே சொல்கிறார். மருந்தும் கனமற்றது, போடுவதும் குறைவு என்றால் ஒரு பவுண்டு ஏறத்தாழ 150 வெடிக்கு வரும். காகிதத்தில் பார்த்தால் இதுவே வெற்றியாளர். சுடுகளத்தில் கதை சற்று மாறுகிறது. சுட்டபின் மருந்து இருந்த இடத்துக்குச் சற்று மேலே, கண்ணாடிபோல் இறுகிய கசடு வளையம் ஒன்று படிந்துவிடுகிறது. அடுத்த குண்டை இறக்கும்போது கோல் வழுக்கிக்கொண்டே போய், அடியைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பாக 'டக்' என்று நின்றுவிடும். குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்துவிட்டது என்று கை நம்பும். உண்மையில் இடையே வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தோடு சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். ஆகவே கோலில் ஒரு கோடு போட்டுவைத்துக்கொண்டு, கோடு குழல்வாயின் மட்டத்துக்கு வந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பதும், வெடிக்கு வெடி ஈரத்துணியால் துடைப்பதும் இங்கே கட்டாயம். மிச்சப்படும் காசுக்கு நேரத்தை விலையாகக் கொடுக்கிறோம். ஒரு பிற்பகல் முழுவதும் கையில் இருப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

மாத்திரை வடிவில் வரும் மருந்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 50 கிரெயின் மாத்திரைகள் 100 கொண்ட பெட்டி, வெடிக்கு இரண்டு வீதம் போடுகிறவருக்கு 50 வெடியோடு தீர்ந்துவிடும். அளக்கும் வேலை மிச்சம் என்பதைத் தவிர இதில் வேறு சிக்கனம் இல்லை. அளவைக் குறைக்கும் வழியையும் மாத்திரை அடைத்துவிடுகிறது.

பிளாக்ஹார்ன் 209 டப்பாவைக் கையில் எடுக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது எடையை. இது 16 அவுன்ஸ் அல்ல, 10 அவுன்ஸ். கொள்ளளவில் 100 என்பது எடையில் 70 கிரெயின். ஆக ஒரு டப்பாவில் 62 வெடி. அதை 70 டாலர் கொடுத்து வாங்கினால் வெடி ஒன்றுக்கு ஒரு டாலருக்கு மேல் ஆகிறது. நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட மருந்து என்பதால், உக்ரைன் போருக்குப் பின் அந்த மூலப்பொருளுக்கு ஏற்பட்ட நெருக்கடியின் நிழலும் இதன் மேல் விழுகிறது. வாரந்தோறும் ஐம்பது வெடி சுடுகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை இன்லைன் எனப்படும் நவீன மஸில்லோடரை எடுத்து, குறி சரிபார்க்கப் பதினைந்து வெடி, மான் வேட்டைக்கு ஒன்றிரண்டு வெடி என்று முடித்துக்கொள்கிறவருக்கு ஒரு டப்பா மூன்று ஆண்டுகளுக்கு மேல் வரும். ஈரத்தை உறிஞ்சாத எச்சம், துடைக்காமல் தொடர்ந்து சுடும் வசதி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், விலை மிகக் கூடிய இந்த மருந்தே அவருக்குச் செலவு குறைந்தது. இதற்கு 209 பிரைமர் எனப்படும் பற்றவைப்பானின் வலுவான தீப்பொறி வேண்டும். சிறு உலோகத் தொப்பியால் பற்றவைக்கும் பழைய பாணித் தொப்பித் துப்பாக்கியில் இது பற்றிக்கொள்ளும் என்று நம்பக் கூடாது.

சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கி வைத்திருப்பவருக்கோ இந்தப் பட்டியலில் பாதி பயனற்றது. மாற்று மருந்துகள் தீப்பற்றுவதற்கு அதிக வெப்பம் தேவைப்படுவதால், கல் உரசித் தெறிக்கும் பொறி அவற்றுக்குப் போதாது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய மஸில்லோடர் வேட்டைப் பருவம் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது. அங்குள்ளவருக்கு உண்மையான கருமருந்தை விட்டால் வேறு வழியில்லை. சட்டப்படி அது வெடிபொருள் என்பதால், விற்கும் கடைக்கு அதற்கென உரிமம் வேண்டும். அந்தத் தொல்லைக்கு அஞ்சிப் பெரும்பாலான கடைகள் அதை வைப்பதே இல்லை. மாற்று மருந்துகள் தெருமுனைக் கடையிலும் கிடைப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

ஆகவே கருமருந்து வாங்குகிறவர் தபால்வழி விற்பனையாளரைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அங்கே ஆபத்தான சரக்குக்கான தனிக் கட்டணம் காத்திருக்கிறது. ஒரு பவுண்டு வாங்கினாலும் 25 பவுண்டு வாங்கினாலும் பெட்டிக்கு ஒரே கட்டணம் என்பதுதான் இதில் பிடி. அது 40 டாலர் என்றால், ஒற்றை டப்பா வாங்குகிறவர் மருந்தின் விலையை விடக் கூடுதலாகக் கட்டணம் செலுத்துகிறார். ஐந்து டப்பா என்றால் டப்பாவுக்கு 8 டாலர். 25 டப்பா என்றால் 1.60 டாலர். துப்பாக்கி மன்றத்து நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பெட்டி வரவழைத்துப் பங்கிட்டுக்கொள்வது, எந்த மருந்து மாற்றத்தையும் விடக் கூடுதலாக மிச்சப்படுத்துகிறது. பழமையான துப்பாக்கிகளில் பொழுதுபோக்காகச் சுடுவதற்கு 50 பவுண்டு வரை உரிமமின்றி வாங்கக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்காக அவ்வளவையும் வீட்டில் அடுக்கிவைக்கலாம் என்று கொள்ளக் கூடாது; உள்ளூர்த் தீத்தடுப்பு விதிகள் இதை விடக் குறைந்த வரம்பை வைத்திருப்பதுண்டு. பங்கிடுவதும் அடக்க விலைக்குத்தான் இருக்க வேண்டும். லாபம் வைத்து விற்பது தொழிலாகிவிட்டால் அதற்கும் உரிமம் வேண்டும்.

கருமருந்தை வீட்டிலேயே தயாரிக்கும் வழியையும் சிலர் இந்த ஒப்பீட்டில் சேர்க்கிறார்கள். நான் சேர்க்கவில்லை. அனுபவமிக்க ஆலைகளிலேயே விபத்து நடக்கும் தொழில் இது. பைரோடெக்ஸை உருவாக்கிய பாலக்கே 1977இல் தம் ஆலை வெடித்தபோது இறந்தார். ஒரு வெடிக்குப் பத்து சென்ட் மிச்சம் என்பது இதற்கு எந்த வகையிலும் ஈடாகாது.

இத்தனை மருந்துகளையும் அலசியபின், மருந்தையே மாற்றாமல் கிடைக்கும் சிக்கனத்தைச் சொல்லாமல் விட முடியாது. 20 டாலர் விற்ற டப்பா 30 டாலர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 70 கிரெயின் போடுகிறவருக்கு வெடி விலை 20 சென்டிலிருந்து 30 சென்டாக உயர்ந்திருக்கும். அவர் அளவை 45 கிரெயினாகக் குறைத்தால் ஒரு டப்பாவில் 155 வெடி. விலை மீண்டும் 20 சென்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது, 50 சதவீத விலையேற்றத்தை ஒரு பித்தளை அளவுக் குழாயைத் திருகியே ஈடுகட்டிவிடலாம். 50 கஜத் தொலைவில் காகிதத்தில் துளையிட 45 கிரெயின் தாராளம். பல துப்பாக்கிகளில் உருண்டைக் குண்டு அந்த மென்மையான அளவில்தான் நன்றாகக் குழுமுகிறது. உதையும் குறையும், குண்டைச் சுற்றும் துணித்துண்டும் கருகாது. இரண்டு எஃப் மணியிலிருந்து (எஃப் கூடக் கூட மணி சன்னமாகும்), துப்பாக்கி தயாரிப்பாளர் அனுமதிக்கும் இடத்தில், மூன்று எஃப் மணிக்கு மாறினால் அளவை மேலும் சிறிது குறைக்க இடமுண்டு. வேட்டைக்கு மட்டும் இந்தச் சிக்கனம் பொருந்தாது. மானைக் காயப்படுத்தித் தப்பவிடுவதை விட முழு அளவு மருந்துக்குக் காசு கொடுப்பதே மேல்.

இதே தர்க்கத்தை நீட்டி, 32 காலிபர் துப்பாக்கிக்கு மாறச் சொல்கிறவர்களும் உண்டு. வெடிக்கு 20 கிரெயின், ஒரு பவுண்டுக்கு 350 வெடி. ஈயமும் நான்கில் ஒரு பங்குதான் செலவாகும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தத் துப்பாக்கிக்கு 800 டாலர் கொடுத்தால், மருந்தில் வெடிக்கு மிச்சமாகும் 21 சென்டுகளைக் கொண்டு அதை மீட்க ஏறத்தாழ 3,700 வெடி சுட வேண்டும். புதுத் துப்பாக்கி வாங்க வீட்டில் சொல்லும் காரணமாக அது நன்றாகவே இருக்கிறது. கணக்காக அது நிற்காது.

என் அலமாரியின் இன்றைய நிலை இது. சக்கிமுக்கிக்கும் தொப்பித் துப்பாக்கிக்கும் பொதுவாக, மன்றப் பெட்டியில் பங்காக வந்த மூன்று எஃப் கருமருந்து. பெட்டி வராத மாதங்களில் தொப்பித் துப்பாக்கிக்கு மட்டும் ஒரு டப்பா பைரோடெக்ஸ். சக்கிமுக்கியின் பற்றுவாய்க் கிண்ணத்தில் இடுவதற்கென்று மிகச் சன்னமான நான்கு எஃப் மருந்தைத் தனியாக வாங்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டேன். குழலுக்குள் போகும் அதே மூன்று எஃப்பைக் கிண்ணத்திலும் ஒரு சிட்டிகை இடுகிறேன். பற்றிக்கொள்வதில் வேறுபாடு இருக்கிறது என்று சொல்கிறார்கள். என் காதுக்கு இதுவரை அது எட்டவில்லை.