கிறிஸ்துமஸ் விருந்துக்கு 28 லிட்டர் ஓடிஜி போதுமா?

பத்துப் பேர் உட்காரும் கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்கு 28 லிட்டர் ஓடிஜி, அதாவது மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன், போதும். பிளம் கேக், மக்ரூன், கேரமல் புட்டிங், முழுக்கோழி ரோஸ்ட் நான்கையும் அது செய்து தரும். ஆனால் நான்கையும் 25ஆம் தேதி காலையில் கேட்டால் தராது. ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான் அதற்குள் ஒழுங்காக வேகும். அதனால் என்ன சமைக்கலாம் என்று எழுதுவதற்கு முன்னால், எந்த நாளில் எத்தனை மணிக்கு ஓவன் காலியாக இருக்கும் என்று எழுதிவிடுங்கள். மெனு அதற்குள் தானாக வந்து உட்காரும்.

முதலில் அளவு. 16, 18 லிட்டரில் 8 அங்குலக் கேக் டின் நுழையும். ஆனால் டின்னுக்கும் சுவருக்கும் நடுவில் விரல் போகிற இடம்கூட இருக்காது. ஓரம் கருகும், நடு வேகாது. முழுக்கோழியை வைத்தால் நெஞ்சுப் பக்கம் மேலே சூடு தரும் ராடை முட்டும். 40 லிட்டருக்கு மேல் போனால் இரண்டு தட்டு வைக்கலாம்தான். ஆனால் சூடேற அதிக நேரம் பிடிக்கும், சமையல் மேடையில் பாதியை அதுவே பிடித்துக்கொள்ளும், வருடத்தில் மற்ற நாட்களில் நாலு ரொட்டி வாட்ட அதைப் போட மனம் வராது. 28 லிட்டர் இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்கிறது. நல்ல பிராண்டுகளில் 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: மேல் ராடு, கீழ் ராடு இரண்டையும் தனித்தனியாகப் போட வசதி வேண்டும்; வெப்பத் திருகு 100 டிகிரியிலிருந்தாவது தொடங்க வேண்டும்; டைமரில் ‘ஸ்டே ஆன்’, அதாவது நாமாக அணைக்கும்வரை ஓடும் நிலை, இருக்க வேண்டும். உள்விளக்கும் விசிறியும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கேக்குக்குக் குறையில்லை.

டைமரை ஏன் சொல்கிறோம் என்றால், பல மாடல்களில் அது 60 நிமிடத்தோடு முடிந்துவிடும். பிளம் கேக்குக்கு 90 நிமிடமாவது வேண்டும். 60இல் மணி அடித்து ஓவன் அணைந்ததைக் கவனிக்காமல் பத்து நிமிடம் விட்டால், நடுவில் இன்னும் இறுகாத மாவு அப்படியே அமுங்கிக் குழி விழும். பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்த இடம் களிபோலத்தான் இருக்கும். ‘ஸ்டே ஆன்’ வைத்துவிட்டு நேரத்தைப் போனில் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. இன்னொன்று: சாவி கொடுக்கிற வகை டைமரில் 5 நிமிடம் வேண்டுமென்றால் நேரே 5இல் வைக்காதீர்கள். 15 தாண்டித் திருகிவிட்டுப் பின்னால் கொண்டுவந்தால்தான் சுருள் சரியாக ஓடும்.

மின்சாரம்: இந்த அளவு ஓவன்கள் பெரும்பாலும் 1,500 முதல் 2,000 வாட் வரை எடுக்கும். அதாவது 230 வோல்ட்டில் 6.5 முதல் 8.7 ஆம்பியர். மிக்ஸி மாட்டுகிற சின்ன 6 ஆம்பியர் பாயிண்டில் இதை மாட்டக் கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக்தான். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். முதல் நாள் ஒன்றும் ஆகாது, ஒன்றரை மணி நேரக் கேக்கின்போதுதான் பிளாஸ்டிக் இளகும் வாடை வரும். செலவு பெரிதில்லை. 1,500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தாலே ஒன்றரை யூனிட். ராடு விட்டு விட்டு எரிவதால் உண்மையில் அதைவிடக் குறைவு.

வாங்கி வந்ததும் காலியாக, அதிக வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் ஓட விடுங்கள். ராடில் பூசிய எண்ணெய் புகைந்து போகும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுத்து, பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுகிற வேலை: திருகில் 180 என்று போட்டால் உள்ளே 180 இருக்கும் என்று நம்பாதீர்கள். 15, 20 டிகிரி முன்னே பின்னே இருப்பது சாதாரணம். சில நூறு ரூபாய்க்கு ஓவன் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. அதைக் கம்பித்தட்டின் நடுவில் தொங்கவிட்டு, 180இல் வைத்து, 20 நிமிடம் கழித்துப் பாருங்கள். ராடு அணையும்போது ஒரு தரம், எரியும்போது ஒரு தரம் என்று மூன்று நான்கு முறை குறித்துச் சராசரி எடுங்கள். 200 காட்டினால், உங்கள் ஓவனில் 180க்குத் திருகை 160இல் வைக்க வேண்டும். ஒரு சின்னத் தாளில் எழுதி ஓவன் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடலாம். கம்பித்தட்டு முழுக்க ரொட்டித் துண்டு பரப்பி 7, 8 நிமிடம் வாட்டினால் எந்த மூலை சூடு என்பதும் தெரியும். கதவுப் பக்கம் வெளுத்தும் பின்பக்கம் சிவந்தும் இருப்பதுதான் வழக்கம். தட்டைப் பாதி நேரத்துக்கு மேல் ஒருமுறை திருப்பி வைப்பது இதனால்தான்.

இனி மெனு. 23ஆம் தேதி இரவு ஓவன் கேக்குக்கு. 8 அங்குல வட்ட டின்னுக்கு 225 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, 4 முட்டை, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஊறிய பழமும் முந்திரியுமாக 400 கிராம். சர்க்கரையில் பாதியைக் கருஞ்சிவப்பாகக் காய்ச்சிக் கால் டம்ளருக்கும் குறைவான வெந்நீர் ஊற்றிக் கேரமல் ஆக்கிக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பாகு வெடித்துத் தெறிக்கும். டின்னுக்குள் பட்டர் பேப்பர் இரண்டு சுற்று. ஓவன் சிறிது என்பதால் சுவர்ச் சூடு டின்னின் ஓரத்தில் நேரே அடிக்கும். அதைத் தடுப்பது அந்த இரண்டாவது சுற்றுதான். இரண்டு ராடும் போட்டு 150 டிகிரிக்குச் சூடாக்கி, கேக்கை வைத்ததும் கீழ் ராடு மட்டும். தட்டு அடி வரிசையில். 90 முதல் 105 நிமிடம். மேலே நிறம் போதவில்லை என்றால் கடைசிப் பத்து நிமிடம் மேல் ராடும் எரியட்டும்.

கேக்கின் மேற்புறம் எரிமலைபோலப் பிளந்துகொண்டால் குற்றம் மாவில் இல்லை. மேல் சூடு அதிகமாகி மேல்தோல் முதலில் இறுகிவிட்டது. உள்ளே இருக்கும் மாவு பிறகு எழும்பும்போது அதைக் கிழித்துக்கொண்டு வருகிறது. வெப்பத்தை 10 டிகிரி குறையுங்கள். பழமெல்லாம் அடியில் தங்கினால் மாவு நீர்த்துப்போயிருக்கிறது, அல்லது பழத்தை வடிகட்டாமல் போட்டிருக்கிறீர்கள். வடித்து, ஒரு கைப்பிடி மைதாவில் புரட்டிப் போட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். கரண்டு போனாலும் திறக்காதீர்கள். மூடியிருந்தால் உள்சூடு சிறிது நேரமாவது தாக்குப்பிடிக்கும்.

24 காலை தூத்துக்குடி மக்ரூன். மூன்று முட்டை வெள்ளைக்கரு, 150 கிராம் பொடித்த சர்க்கரை, 150 கிராம் முந்திரித் தூள், அவ்வளவுதான். முந்திரியை மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் விடும். அந்த எண்ணெய் வெள்ளைக்கரு நுரையை அப்படியே படுக்க வைத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த முந்திரியை, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிக் கரகரப்பாகப் பொடியுங்கள். நுரை அடிக்கும் பாத்திரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள்கருத் துளியோ இருக்கக் கூடாது. 100 டிகிரியில் ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி நேரம், பிறகு அணைத்த ஓவனுக்குள்ளேயே ஒரு மணி நேரம். இது வேகுகிற பண்டம் இல்லை, உலர்கிற பண்டம். 120ஐத் தாண்டினால் பழுப்பேறும், வெண்மை போய்விடும். கடலோர ஊர்களில் மார்கழி ஈரக்காற்று பட்ட அரை மணியில் பிசுபிசுக்கும் என்பதால் ஆறிய கையோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள்.

மிஞ்சிய மூன்று மஞ்சள்கருவும் அன்று மாலைப் புட்டிங்குக்குப் போகும். அரை லிட்டர் பால், இரண்டு முழு முட்டை, மூன்று மஞ்சள்கரு, 100 கிராம் சர்க்கரை. வெந்நீர்த் தட்டுக்குள் கிண்ணத்தை இறக்கி 150 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். நடு இலேசாகத் தளும்பும்போதே எடுங்கள். இறுகும்வரை வைத்தால் சல்லடைபோல ஓட்டை விழுந்து தண்ணீர் விடும். இரவு ஃபிரிட்ஜில் குளிரட்டும்.

விருந்தன்று ஓவன் முழுக்கக் கோழிக்குத்தான். கறிக்கடையில் கேட்காமல் விட்டால் தோலை உரித்துத்தான் தருவார்கள். தோல் இல்லாத கோழி ஓவனில் சுக்காகும். ‘தோலோடு முழுக்கோழி, சுத்தம் செய்த பிறகு 1.3 கிலோ’ என்று 22ஆம் தேதியே சொல்லிவையுங்கள். இதற்கு மேல் எடையென்றால் இந்த ஓவனில் மேல் ராடுக்கும் கோழிக்கும் நான்கு விரல் இடைவெளி கிடைக்காது.

24 மாலை ஈரம் போகத் துடைத்து, 20 கிராம் உப்பு, இரண்டு தேக்கரண்டி மிளகுத்தூள் உள்ளும் வெளியும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் தனியாக வையுங்கள். ராத்திரி முழுக்கத் தோல் காய வேண்டும். நம் வீடுகளில் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது சேர்த்து ஊறவைக்கிற பழக்கம் உண்டு. தணலுக்கு அது அருமை, இந்த ஓவனுக்கு ஆகாது. தயிர் ஈரத்தில் தோல் மொறுக்காது. மேல் ராடுக்கு அருகில் மிளகாயும் பூண்டும் கருகிக் கசக்கும். பூண்டு வேண்டுமென்றால் 50 கிராம் வெண்ணெயில் நசுக்கிக் குழைத்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் விரலை விட்டுப் பரப்புங்கள். அங்கே அது கருகாது, நெஞ்சுக்கறியும் வறளாது.

கோழிக்கு அடியில் ஆழமான தட்டு, அதில் தடிமனாக நறுக்கிய வெங்காயம், அரை டம்ளர் தண்ணீர். இது இல்லாவிட்டால் கொழுப்பு சொட்டிக் கீழ் ராடில் புகையும். அந்தப் புகை கறியில் ஏறும். முதல் 20 நிமிடம் 200 டிகிரி, பிறகு 180இல் 50 முதல் 55 நிமிடம். நெஞ்சு சிவந்ததும் ஃபாயிலை மேலே போர்த்துங்கள். ராடில் படாமல் ஓரத்தை மடித்துவிடுங்கள். இறக்கை நுனிகளுக்குத் தொடக்கத்திலேயே ஃபாயில் தொப்பி. தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், கறித் தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள், 20 நிமிடம் ஆற விடுங்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

அந்த 20 நிமிடம் ஓவனுக்கு வீண் இல்லை. எட்டு நிமிடம் வேகவைத்து வடித்த முக்கால் கிலோ உருளைக்கிழங்கை, தட்டில் வடிந்த கோழிக் கொழுப்பில் புரட்டி, திருகை 220க்கு ஏற்றி உள்ளே தள்ளுங்கள். கோழியோடு சேர்த்து முதலிலேயே வைத்தால் மொறுமொறுப்பு வராது; சின்ன ஓவனில் கோழியின் ஆவியில் கிழங்கு அவிந்துதான் போகும்.

ஓவனோடு கூடவே கொடுக்கிற சுழலும் கம்பியில் கோழியைக் கோத்துப் படம் எடுக்க ஆசை வரும். ஒரு கிலோவுக்குள் இருக்கிற கோழியென்றால் செய்யலாம். காலையும் இறக்கையையும் நூலால் இறுக்கிக் கட்டாவிட்டால் சுற்றும்போது ராடில் இடிக்கும். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் மோட்டார் திணறி நின்றுவிடும். பத்துப் பேருக்கு விருந்து வைக்கும் நாளில் இந்தச் சோதனை தேவையில்லை.

வான்கோழியை மறந்துவிடுங்கள், நுழையாது. வாத்து நுழையும், ஆனால் அதன் கொழுப்பு கோழியைவிடப் பல மடங்கு உருகும். அதை உருளியில் அடுப்பிலேயே வறுப்பது மேல். பிரியாணிக்கும் இந்த ஓவனில் இடமில்லை. பத்துப் பேருக்கு ஒரு கிலோ சீரகச் சம்பாவும் ஒன்றே கால் கிலோ ஆட்டுக்கறியும் கொள்ளும் சட்டி உள்ளே போகாது. அடியில் தோசைக்கல் போட்டு அடுப்பில் தம் வைக்கிற வழக்கமே சரி. கோழி ஒன்றுதான் ரோஸ்ட் ஆகிறது என்ற குறையையும் பிரியாணி தீர்த்துவிடும். ஆளுக்கு ஒரு துண்டு கோழி தாராளம்.

ஒரு மணிக்கு இலை போட வேண்டுமென்றால்: 10.15க்குக் கோழி ஃபிரிட்ஜிலிருந்து வெளியே, 10.45க்கு ஓவனில் சூடு, 11க்குக் கோழி உள்ளே, 11.45க்குப் பிரியாணி தம்முக்கு, 12.15க்குக் கோழி வெளியே, கிழங்கு உள்ளே, 12.40க்கு ஓவன் அணைப்பு. விடியற்கால ஆராதனை முடிந்து வந்து இட்லி, கறிக்குழம்பு சாப்பிட்டு உட்கார்ந்த பிறகும் நேரம் இருக்கிறது. ஓவன் ஓடும் நேரத்தில் அதே லைனில் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஓவன்களின் வெளித் தகடு கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டில் மேடையின் உள் மூலையில், சுற்றிலும் 10 சென்டிமீட்டர் இடம் விட்டு வையுங்கள். மேலே துணியோ பிளாஸ்டிக் டப்பாவோ வேண்டாம். தூள் விழும் அடித்தட்டில் ஃபாயில் விரிப்பதும் கூடாது, சூடு திரும்பி அடித்துக் கீழ் ராடு கெடும். கோழி வைத்த அன்று மாலையே, ஓவன் ஆறி, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, சோடா உப்பைக் குழைத்துத் தடவி அரை மணி கழித்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாளைக்கு விட்டால் அந்தக் கொழுப்பு இறுகிவிடும். அடுத்து சுடுகிற கேக்கில் கோழி வாடை அடிக்கும்.