ஒரு மாதச் சரக்கு: மதுரை வெயிலில் எது தாங்குகிறது, எது கெடுகிறது

2023 டிசம்பர் மழையில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் மதுரை செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. இந்த மாதிரி நேரத்தில் நாலு பேர் உள்ள வீடு ஒரு மாதம் கடை வாசலை மிதிக்காமல் இருக்க என்ன வைக்கலாம், வைத்தது எவ்வளவு நாள் நிற்கும் என்பதுதான் இங்கே. ஐந்து வருடத்துக்கான சரக்கைக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஊர்ச் சூட்டில் அதில் பாதி வண்டுக்குத்தான் போகும்.

முதலில் அரிசி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் என்றால் 26 கிலோ சிப்பம் மூன்று வாரம் வரும். ஒரு மாதத்துக்கு ஒன்றரைச் சிப்பம். பச்சரிசியை விடப் புழுங்கல் வண்டுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். வேப்பிலையும் வசம்பும் போட்டால் வெளியிலிருந்து வரும் பூச்சி கொஞ்சம் குறையும். ஆனால் வண்டு முட்டையிடுவது அரிசி மணிக்குள்ளே. கடையிலிருந்து வரும்போதே உள்ளே இருக்கும் முட்டையை வேப்பிலை ஒன்றும் செய்யாது.

அதற்குக் காற்றை அடைப்பதுதான் வழி. நன்றாகக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்த 2 லிட்டர் குளிர்பான பாட்டிலில் அரிசியைக் கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்பி, மூடியை இறுக்கிவிடுங்கள். உள்ளே பொரிக்கும் வண்டு இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுத் தானே சாகும். பாதி நிரப்பிய பாட்டிலில் இது நடக்காது, காற்று மிச்சம் இருக்கும். பெரிய டிரம்மில் போட்டு தினமும் திறந்து அள்ளுவதும் அப்படித்தான். டிரம்முக்குள் கைவிட்டுப் பாருங்கள்: அரிசி வெதுவெதுப்பாக இருந்து, விரலில் வெள்ளை மாவு ஒட்டினால் வண்டு கட்டிவிட்டது. அப்போது நிழலில் பரப்பிப் புடைத்து, அதை முதலில் செலவழியுங்கள். உச்சி வெயிலில் கொட்டினால் மணி வெடித்துக் குறுணையாகிவிடும்.

சிலர் மூட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடுகிறார்கள். தயவுசெய்து வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் வாயு அதே வீட்டில் தூங்குகிறவர்களையும் கொல்லும்.

பருப்பு 7 கிலோ. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் புரட்டி, வெயிலில் காயவைத்து அடைத்தால் வண்டு முட்டையிடப் பிடி கிடைக்காது. சமைக்கும் முன் வெந்நீரில் இரண்டு முறை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் வாடை தெரியும். செம்மண் கட்டிய துவரை கிடைத்தால் விடாதீர்கள், அது வருடம் தாண்டி நிற்கும்.

சிறுதானியத்தில் கேழ்வரகு முழுசாக இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. பேரையூர்ப் பக்கத்துக் குதிரைவாலியை உமியோடு வைத்தாலும் அப்படியே. உமி நீக்கி அரிசியாக்கிவிட்டால் சில மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும். உமியோடு வைப்பதில் ஒரு சிக்கலும் உண்டு: கரண்ட் இல்லாத நாளில் மில்லும் ஓடாது, உரலும் உலக்கையும் இருந்தால்தான் உதவும். கம்பு மாவை மட்டும் சேமிக்கவே வேண்டாம், சீக்கிரமே கசந்துவிடும். எண்ணெய் 4 லிட்டர், இருட்டான அலமாரியில். உப்பு, புளி, வெல்லம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஈரம் படாமல் வைத்தால் போதும்.

தண்ணீரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்றால் நாலு பேருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. மொட்டை மாடி டேங்கில் ஆயிரம் லிட்டர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் குளோரின் பறந்துவிடும், அது குளிக்கத்தான். மழை எச்சரிக்கை வந்ததுமே டேங்கை நிரப்பி, ஒரு குழாயைத் தவிர மற்ற வால்வுகளை மூடிவிடுங்கள். கரண்ட் போன பிறகு மோட்டார் ஓடாது. தரைத்தொட்டிக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால் அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும், தொடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பது வீண், வெப்பத்தில் அதன் வீரியம் போய்விடும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைப்பது நிச்சயமான வழி.

கரண்ட் போனால் கைகொடுக்கும் இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்ப்-மணி பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட் மணி. பேட்டரி சாகாமல் இருக்கப் பாதிதான் எடுக்கலாம், இன்வெர்ட்டர் விழுங்குவது போகக் கையில் நிற்பது சுமார் 750. 75 வாட் ஃபேன் இரண்டும் எல்இடி பல்பு இரண்டும் ஓட்டினால் நாலரை மணி நேரம். அந்த இரண்டு ஃபேனையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது லாபம். கோடையில் மாதம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் அளவு பாருங்கள், ஆசிட் ஊற்றக் கூடாது. பேட்டரியைத் தரையில் வைக்காமல் இரண்டடி மேடையில் வையுங்கள்.

14.2 கிலோ கேஸ் சிலிண்டரில் கைப்பிடியின் உட்பக்கம் எழுத்தும் எண்ணும் இருக்கும். பி-27 என்றால் 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் சோதனைக்குப் போக வேண்டியது. தேதி தாண்டியதை டெலிவரியிலேயே திருப்பி அனுப்புங்கள். முழு சிலிண்டரே வெள்ளத்தில் மிதக்கும், அதனால் தண்ணீர் ஏறும் முன் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைச் ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்ட வேண்டும்.

இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால் கரண்ட் போன நாளுக்குப் புது மண்பானை ஒன்று தயாராக இருக்கட்டும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. மருந்தை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சின்னப் பானைக்குள் வைத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயாமல் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் பத்து. அது தீர்ந்தால் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

டார்ச்சில் பேட்டரியைப் போட்டே வைத்தால் கசிந்து துருப்பிடிக்கும், தனியாக வையுங்கள். ரொக்கம் கொஞ்சம், 50, 100 ரூபாய்த் தாள்களாக. டவர் போனால் ஜிபே வேலை செய்யாது, 500 ரூபாய்க்குச் சில்லறை தரவும் யாரிடமும் இருக்காது.