கீழக்கரை ஜெர்மன் வகுப்பு: ஒரு சிப்பியும் இரண்டு மணி நேரமும்

கீழக்கரையில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் தொடக்கநிலை ஜெர்மன் வகுப்பில் மூன்று மாதம் படித்தேன். உடன் படித்தவர்களில் பாதிப்பேர் செவிலியர் வேலைக்கு ஜெர்மனி செல்ல ஆயத்தமாகும் பெண்கள். மின்விசிறி ஒன்றுதான் உண்டு, அதுவும் ஆசிரியையின் தலைக்கு மேல்.

கற்பிக்கும் தரத்துக்கு ஐந்தாம் வாரப் பாடம் ஒன்றே சான்று. ஆசிரியை ஒரு முத்துச்சிப்பியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். புறம் கறுத்துச் சொரசொரப்பாக இருந்தது. புரட்டியதும் உட்புறம் வெளிர்பச்சையும் இளஞ்சிவப்புமாக மின்னியது. அந்தப் பளபளப்பான படலத்துக்கு ஜெர்மனில் ‘பெர்ல்முட்டர்’ என்று பெயர். ‘பெர்லெ’ என்றால் முத்து, ‘முட்டர்’ என்றால் தாய். “முத்தின் தாய், ஆறாம் வேற்றுமைத் தொகை” என்று பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் முந்திக்கொண்டார்.

இது ஜெர்மானியர் தாமாகப் புனைந்த தொகையன்று, இடைக்கால லத்தீனின் ‘மாட்டெர் பெர்லாரும்’ என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எடுத்துக்கொண்டது என்றும், ‘முட்டர்’ லத்தீன் ‘மாட்டெர்’, சமஸ்கிருத ‘மாத்ரு’ ஆகியவற்றோடு ஒரே வேரில் சென்று சேர்கிறது என்றும் ஆசிரியை விளக்கினார். ‘பெர்லெ’யின் பூர்வீகம் இன்னும் வேடிக்கையானது. தொடையிறைச்சியைக் குறித்த ‘பெர்னா’ என்னும் லத்தீன் சொல், அதே வடிவில் இருந்த ஒருவகைச் சிப்பிக்கும் பெயராகி, அதன் குறுமை வடிவத்திலிருந்தே முத்தின் பெயர் பிறந்தது என்று சொற்பிறப்பு அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். முத்துச் சிலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, பேர்போன கடலோரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்ட வகுப்பு சிரித்து ஓயச் சற்று நேரமாயிற்று. ஆனால் ‘தாய்’ என்றது வெறும் அலங்காரமன்று: சிப்பியின் மென்தசை சுரக்கும் ஒரே பொருள்தான் ஓட்டின் உட்புறத்தில் படலமாகவும், உள்ளே சிக்கிய உறுத்தலைச் சுற்றி முத்தாகவும் படிகிறது.

தொகைச்சொல்லின் இலக்கணப் பாலை அதன் கடைசி உறுப்பே தீர்மானிக்கும் என்ற விதிப்படி, ‘முட்டர்’ பெண்பாலாதலால் இச்சொல்லும் பெண்பாலே என்று கையேட்டில் அச்சிட்டிருந்தனர். அகராதியைப் பார்த்தால் ‘தாஸ்’ என்ற அஃறிணைச் சார்புச்சொல்லை முன்னிட்டு எழுதும் வழக்கும் இருக்கிறது. ‘பெர்ல்முட்’ என்ற குறுக்கமோ அஃறிணையாகவே வழங்குகிறது. சுட்டிக்காட்டியபோது ஆசிரியை முகம் சுளிக்காமல் அடுத்த வாரமே திருத்தித் தந்தார்.

பேச்சுப் பயிற்சி போதாது. ஏ1 என்னும் தொடக்கநிலைத் தேர்வுக்கான கேட்டல் பயிற்சியை நான் கைப்பேசியில்தான் செய்துகொண்டேன். தேர்வு நெருங்கியவர்களுக்கு இந்த வகுப்பு ஒத்துவராது. அவகாசம் உள்ள என் தங்கையை அடுத்த தொகுதியில் சேர்த்திருக்கிறேன், முன்வரிசையில் இடம் பிடிக்கச் சொல்லி.